இழுத்தா குதிக்கும், தள்ளுனா நகரும்

போன எபிசோடு முழுக்க டேட்டாபேஸ் பத்திப் பேசி உங்கள்ல பாதிப் பேரைத் தூங்க வெச்சுட்டேன்னு மெசேஜ் வந்துச்சு. நியாயம்தான். அதனால இன்னைக்கு பீரோ. ஸ்டீல் பீரோ.

ரெண்டு மாசம் முன்னாடி வீடு மாத்தினேன். ரூம்ல இருந்து ஹாலுக்கு ஒரு பழைய பீரோவை இழுக்கணும். நான் இன்ஜினியர் இல்லையா, அதனால பீரோ காலுல நைலான் கயிறு கட்டி, நானும் ஃப்ரெண்டும் பத்தடி தள்ளி நின்னு இழுத்தோம். ஒண்ணும் நகரல. இன்னும் இழுத்தோம். நகரல. திடீர்னு டமார்னு அரையடி பாய்ஞ்சு வந்து நின்னுச்சு. மறுபடியும் அதே கதை. கீழ்வீட்டு அங்கிள் மேல வந்து, "என்னப்பா நடக்குது?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

அப்போதான் லாரியோட வந்த அண்ணன் உள்ள வந்தார். ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, கயிறு வேணாம். மொதல்ல உள்ள இருக்குற துணியெல்லாம் எடுங்க. அப்புறம் ஒட்டி நின்னு தோளைக் குடுத்துத் தள்ளுங்க." தள்ளினோம். சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டு வந்துச்சு.

அந்த அண்ணன் சொன்ன ரெண்டு வாக்கியத்துலயும் 1983-ல வெளிவந்த ஒரு சமன்பாடு ஒளிஞ்சிருக்கு. அது அவருக்குத் தெரியாது, எனக்கும் அன்னைக்குத் தெரியாது. பூகம்பம் ஏன் வருது, சில இடத்துல ஏன் வராம நிலம் மெதுவா ஊர்ந்துக்கிட்டே போகுதுங்கிறதுக்கும் அதே சமன்பாடுதான் ஆரம்பப் புள்ளி. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

பிளஸ் ஒன் பிசிக்ஸ் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கலாம். நிலை உராய்வு, இயக்க உராய்வு. நிக்குற பொருளை நகர்த்த அதிக விசை வேணும், நகர ஆரம்பிச்ச பிறகு கம்மியா போதும். ரெண்டு மியூ, ரெண்டு எண். பரீட்சைக்கு அது போதும்.

வீடு செட் ஆனதும் ஒரு நாள் ராத்திரி இதை சிமுலேட் பண்ணிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். தரையில ஒரு கட்டை, அதுக்கு முன்னாடி ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கோட இன்னொரு நுனியை ஒரே வேகத்துல மெதுவா இழுக்கிறேன். மொத்தமே நாப்பது வரி கோடு. ஓட்டினா கட்டை நிக்குது, பாயுது, நிக்குது, பாயுது. பீரோ மாதிரியே. சூப்பர்னு நினைச்சேன். அடுத்து, தோளைக் குடுத்துத் தள்ளுறதைப் போடலாம்னு ஸ்பிரிங்கைப் பத்து மடங்கு விறைப்பாக்கினேன். இன்னும் பாயுது. நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு. பாய்ச்சல் சின்னதாகிக்கிட்டே போச்சே தவிர நிக்கவே இல்ல. என் கோடுலதான் தப்புன்னு நினைச்சு ரெண்டு ராத்திரி பக் தேடினேன்.

கோடு சரியாத்தான் இருந்துச்சு. தப்பு அந்த ரெண்டு மியூவுல. நிலை உராய்வுல இருந்து இயக்க உராய்வுக்கு ஒரே நொடியில, ஒரு மில்லிமீட்டர்கூட நகராம கீழ விழுதுன்னு அந்த விதி சொல்லுது. அப்படி ஒரு செங்குத்தான பள்ளம் இருந்தா, எவ்வளவு விறைப்பான ஸ்பிரிங் போட்டாலும் அதுல விழுந்துதான் ஆகணும். ஆனா நிஜ உலகத்துல விறைப்பைக் கூட்டினா குதிப்பு நின்னுடுது. பீரோவுலயும் சரி, ஆய்வுக்கூடத்துலயும் சரி. அப்போ அந்தப் பள்ளம் செங்குத்தா இருக்க முடியாது, ஒரு சரிவாத்தான் இருக்கணும். சரிவுன்னா அதுக்கு ஒரு நீளம் வேணும். பாடப்புத்தக விதியில நீளம்னு ஒண்ணு எங்கயுமே இல்ல.

இந்தக் கதையை சரியான இடத்துல ஆரம்பிக்கணும்னா 1966-க்குப் போகணும். எம்.ஐ.டி-யில வில்லியம் பிரேஸ், ஜேம்ஸ் பையர்லீன்னு ரெண்டு பேர், சயன்ஸ் பத்திரிகையில ஒரு சின்னக் கட்டுரை போட்டாங்க. கிரானைட் கல்லை அதிக அழுத்தத்துல வெச்சு, ஏற்கனவே அறுத்த இல்ல உடைஞ்ச பரப்புல வழுக்க விட்டா, அது நின்னு நின்னு பாயுது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் விசையில ஒரு பகுதிதான் குறையுது. பூகம்பமும் இதுவா இருக்கலாமேங்கிறதுதான் அவங்க வாதம். அதாவது ஒவ்வொரு தடவையும் புதுசா பாறை உடையணும்னு இல்ல, ஏற்கனவே இருக்குற பிளவு மறுபடியும் மறுபடியும் வழுக்கினாலே போதும். இன்னைக்குக் கேட்டா சாதாரணமா தெரியுது. ஆனா பூகம்பம்ங்கிறதை ஒரு உராய்வுப் பிரச்சினையா மாத்தினதுல அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதுக்கு அப்புறம் கலிஃபோர்னியாவுல, அமெரிக்க புவியியல் ஆய்வுத் துறையில இருந்த ஜேம்ஸ் டீட்ரிச் உராய்வை ரொம்பப் பொறுமையா அளக்க ஆரம்பிச்சார். ரெண்டு கல்லையும் அசைக்காம பத்து நொடி வெச்சுட்டு இழுக்கிறது, நூறு நொடி வெச்சுட்டு இழுக்கிறது, ஆயிரம் நொடி வெச்சுட்டு இழுக்கிறது. ஒவ்வொரு பத்து மடங்குக்கும் உராய்வு கிட்டத்தட்ட ஒரே அளவு கூடுது. லாகரிதம். சும்மா நிக்கிற நேரத்துல கல்லும் கல்லும் இன்னும் இறுக்கமா ஒட்டிக்குது. ஓய்வு நேரம் கூடக்கூட பிடிப்பு கூடுதுங்கிறதை 18-ஆம் நூற்றாண்டுலயே கூலோம் கவனிச்சிருக்கார். நாம பாடத்துல படிக்கிற அதே கூலோம்தான். அவர் கவனிச்சதுல பாதியை விட்டுட்டு மீதியை நமக்குக் குடுத்திருக்காங்க.

ஏன் ஒட்டுதுன்னு கேட்டா, ரெண்டு பரப்பு ஒண்ணுமேல ஒண்ணு உட்கார்ந்திருக்குன்னு நாம நினைக்கிறோம். உண்மையில மேடு பள்ளத்தோட நுனிகள் மட்டும்தான் தொடுது, மொத்தப் பரப்புல ரொம்பக் கொஞ்சம். அந்த நுனிகள்ல அழுத்தம் பயங்கரமா இருக்கிறதால அது மெதுவா நசுங்கிப் பரவிக்கிட்டே இருக்கும். 1994-ல டீட்ரிச்சும் கில்கோரும் கண்ணாடி, அக்ரிலிக் மாதிரி ஊடுருவித் தெரியுற பொருள்களை வெச்சு, மைக்ரோஸ்கோப் வழியா அந்தத் தொடுபுள்ளிகள் நேரம் போகப்போகப் பெரிசாகுறதைப் படமே எடுத்துட்டாங்க.

இப்போ நகர விட்டா என்ன ஆகும்? பழைய தொடுபுள்ளிகள் அறுந்து புதுசு வரும். வேகமா நகர்ந்தா ஒவ்வொரு புள்ளிக்கும் வயசு கம்மி, பரவ நேரம் இல்ல, அதனால பிடிப்பும் கம்மி. ஆனா இந்த மாற்றம் உடனே நடக்காது. பழைய புள்ளிகள் எல்லாம் மாற ஒரு குறிப்பிட்ட தூரம் வழுக்கியாகணும். அந்தத் தூரத்துக்கு டி-சி-ன்னு பேரு. ஆய்வுக்கூடத்துல அது சில மைக்ரோமீட்டர்ல இருந்து நூறு மைக்ரோமீட்டர் வரைக்கும் இருக்கும். நான் ரெண்டு ராத்திரி தேடின நீளம் இதுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. வேகத்தைத் திடீர்னு கூட்டினா முதல்ல உராய்வு கொஞ்சம் ஏறும். ஒரு குட்டி எதிர்ப்பு. அப்புறம் டி-சி தூரம் போறதுக்குள்ள இறங்கும். ஏறுற அளவை ஏ-ன்னும், இறங்குற அளவை பி-ன்னும் வெச்சுக்கலாம். ரெண்டுமே ரொம்பச் சின்ன எண், 0.01 அளவுலதான் இருக்கும். பி-யை விட ஏ பெரிசா இருந்தா, வேகம் கூடக்கூட மொத்தத்துல பிடிப்பும் கூடும். அந்தப் பரப்பு தானாவே தன்னை பிரேக் போட்டுக்கும். ஏ-யை விட பி பெரிசா இருந்தா, வேகம் கூடினா பிடிப்பு குறையும், அதனால இன்னும் வேகம் கூடும். ஆபத்து அங்கதான்.

ஆனா ஆபத்துன்னா உடனே பாயும்னு அர்த்தம் இல்ல. இங்கதான் ஆண்டி ரூயினா வர்றார். பிரவுன் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவரா இருந்தப்போ இதைப் பிடிச்சார். 1983-ல அவர் தனியா ஒரு கட்டுரை, ஜேம்ஸ் ரைஸோட சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கணக்கை நான் வாயால சொல்றேன், பயப்படாதீங்க.

கட்டை சீரா வழுக்கிக்கிட்டு இருக்கு. ஏதோ காரணத்தால கொஞ்சம் அதிகமா, ஒரு மைக்ரோமீட்டர் முன்னாடி போயிடுச்சுன்னு வைங்க. ரெண்டு விஷயம் நடக்கும். ஸ்பிரிங் கொஞ்சம் தளரும், அதாவது இழுக்கிற விசை குறையும். அதே நேரத்துல உராய்வும் குறையும். எது வேகமாக் குறையுதுங்கிறதுதான் கேள்வி. விறைப்பான ஸ்பிரிங்னா ஒரு மைக்ரோமீட்டர்லயே இழுவிசை நல்லா இறங்கிடும், அப்போ உராய்வு ஜெயிக்கும், கட்டை அமைதியாயிடும். தொளதொள ஸ்பிரிங்னா இழுவிசை அப்படியே இருக்கும், உராய்வு மட்டும் கீழ போயிடும். மிச்சமாகிற விசை கட்டையைத் தள்ளும், அது இன்னும் முன்னாடி போகும், உராய்வு இன்னும் இறங்கும். டமார்.

எல்லைக்கோடு எங்கன்னா, பி-யில இருந்து ஏ-வைக் கழிங்க, மேல இருந்து அழுத்துற அழுத்தத்தால பெருக்குங்க, டி-சி-யால வகுங்க. ஸ்பிரிங்கோட விறைப்பு இந்த எண்ணை விடக் கம்மியா இருந்தா பாயும். அதிகமா இருந்தா ஊரும்.

இப்போ லாரி அண்ணன் சொன்னதைத் திரும்பக் கேளுங்க. துணியை எடுங்கன்னா அழுத்தத்தைக் குறைங்கன்னு அர்த்தம். கயிறு வேணாம், ஒட்டி நில்லுங்கன்னா ஸ்பிரிங்கை விறைப்பாக்குங்கன்னு அர்த்தம். சமன்பாட்டோட ரெண்டு பக்கத்தையும் அவர் சரி பண்ணிட்டார். நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன்.

சாக்பீஸ் கீச்சுன்னு கத்துனா டீச்சர் பாதியா உடைச்சு எழுதுவாங்க இல்லையா? நீளமான சாக்பீஸை விட உடைச்ச துண்டு விறைப்பு. வயலின்ல நேர் எதிர். அங்க பாய்ச்சல் வேணும்கிறதுக்காகவே வில்லுல ரோசின் தேய்க்கிறாங்க. தந்தி ஒட்டி, நழுவி, ஒட்டி, நழுவி, நொடிக்கு நூத்துக்கணக்கான தடவை. இசைக் கச்சேரியில காசு குடுத்து நாம கேட்கிறது குட்டிக் குட்டி பூகம்பங்களைத்தான்னு சொன்னா என் வயலின் ஃப்ரெண்டு கோவிச்சுக்கிறா.

சரி, பூமிக்குள்ள யாரு ஸ்பிரிங் வெச்சது? யாரும் வைக்கல, பாறையே ஸ்பிரிங். பிளவுல ஒரு திட்டு வழுக்கும்போது சுத்தி இருக்குற பாறை வளைஞ்சு இழுத்துப் பிடிக்கும். சின்னத் திட்டுன்னா பிடி விறைப்பா இருக்கும். திட்டு பெரிசாக ஆக பிடி தளரும். அப்போ ஒரு அளவுக்குக் கீழ இருக்குற திட்டு பாயவே முடியாது, மெதுவா ஊர மட்டும்தான் முடியும். அந்த அளவைத் தாண்டி வளர்ந்தாதான் பூகம்பம்.

அந்த அளவு எவ்வளவு? ஒரு உத்தேசக் கணக்கு போட்டேன். பாறையோட விறைப்பு 30 கிகாபாஸ்கல், அழுத்தம் 100 மெகாபாஸ்கல், பி கழித்தல் ஏ 0.004. டி-சி-க்கு ஆய்வுக்கூட எண், பத்து மைக்ரோமீட்டர்னு போட்டா விடை முக்கால் மீட்டர். நம்ம டைனிங் டேபிள் சைஸ். ஆனா நிஜப் பிளவு அறுத்துப் பாலிஷ் போட்ட கல் இல்ல. அங்க டி-சி ஒரு மில்லிமீட்டரா இருந்தா விடை 75 மீட்டர். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். பெரிய திட்டு மெதுவா ஊர்ந்து வளர்ந்தா நம்ம கருவிகளுக்குத் தெரிய வாய்ப்பு இருக்கு, முன்னெச்சரிக்கை சாத்தியம். பல கிலோமீட்டர் ஆழத்துல டைனிங் டேபிள் சைஸ்ல ஏதோ ஊர்ந்தா மேல இருக்குற யாருக்கும் தெரியாது. மனுஷன் பூகம்பத்தை முன்கூட்டி சொல்ல முடியுமாங்கிற கேள்வி, ஒரு பக்கம் இந்தத் தம்மாத்துண்டு நீளத்துல வந்து நிக்குது.

இதை நேராவே சோதிச்சுப் பார்த்த ஊர் ஒண்ணு இருக்கு. கலிஃபோர்னியாவுல பார்க்ஃபீல்ட். சான் ஆண்ட்ரியாஸ் பிளவு மேலயே உட்கார்ந்திருக்கிற, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆளுங்க இருக்குற கிராமம். அங்க ஒரு சின்னப் பாலம் இருக்கு, ஒரு பக்கம் பசிபிக் தட்டு, இன்னொரு பக்கம் வட அமெரிக்கத் தட்டு. பாலமே கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சிருக்கு. அந்த ஊருக்கு வடக்க பிளவு பூகம்பமே இல்லாம வருஷத்துக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஊருது. அங்க ஹாலிஸ்டர் பக்கத்துல பிளவு மேலயே கட்டின ஒரு ஒயின் ஆலை இருக்கு. அதோட சுவர் மெதுமெதுவா பிரியுறதைப் பார்த்துதான் 1950-கள்ல இந்த ஊர்தலையே கண்டுபிடிச்சாங்க. தெற்க பிளவு பூட்டிக்கிட்டு இருக்கு, 1857-ல பெருசா உடைஞ்சது. பார்க்ஃபீல்ட் நடுவுல. எல்லைக்கோட்டு மேலயே குடியிருக்கிற ஊர்.

1857, 1881, 1901, 1922, 1934, 1966. அங்க சுமார் 6 அளவு பூகம்பங்கள் வந்த வருஷங்கள். சராசரியா 22 வருஷத்துக்கு ஒண்ணு. அதனால 1985-ல, அடுத்தது 1993-க்குள்ள வரும்னு 95 சதவீத நம்பிக்கையோட அதிகாரபூர்வமாவே சொல்லி, ஊரைச் சுத்திக் கருவிகளை நட்டு வெச்சுக் காத்திருந்தாங்க. 1993 போச்சு. ஒண்ணும் வரல. 2004 செப்டம்பர் 28-ஆம் தேதி வந்துச்சு, 6.0 அளவு. அதுவும் முந்தின ரெண்டு தடவை ஓடின திசைக்கு எதிர்த்திசையில ஓடுச்சு. அவ்வளவு கருவி இருந்தும், முன்னாடியே தெளிவா எச்சரிக்கிற மாதிரி எந்த ஊர்தலும் பதிவாகல. அந்தத் திட்டு, இருந்திருந்தா, சின்னதா இருந்திருக்கணும்.

இதைத் தோல்வின்னு பேசுறாங்க. எனக்கு அப்படித் தோணல. ஒரு கணிப்பைத் தேதி போட்டு வெளிய வெச்சு, தப்பாகுற வரைக்கும் கருவிகளோட உட்கார்ந்திருந்தாங்க பாருங்க, அந்த நேர்மை நம்ம வாட்ஸ்அப் பூகம்ப ஜோசியர்கள்கிட்ட எங்க இருக்கு?

வடக்க ஏன் ஊருதுன்னும் துளை போட்டுப் பார்த்தாங்க. 2007-ல சுமார் மூணு கிலோமீட்டர் ஆழத்துல இருந்து பிளவுப் பாறையையே வெளிய எடுத்தாங்க. உள்ள சப்போனைட்னு ஒரு களிமண் கனிமம். சோப்பு மாதிரி வழவழப்பு. சாதாரணப் பாறைக்கு உராய்வு எண் 0.6-ல இருந்து 0.8 வரை இருக்கும், இதுக்கு 0.15 பக்கம்தான். வேகம் கூடினா பிடிப்பு கூடுற ரகம் வேற. தானா பிரேக் போட்டுக்கிற ரகம்.

எல்லைக்கோட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தா? அங்க இன்னும் சுவாரஸ்யம். ரூயினாவோட கணக்குப்படி அங்க கட்டை பாயவும் பாயாது, சீரா ஊரவும் ஊராது. மெதுவா வேகம் கூடி, குறைஞ்சு, கூடி, ஊசலாடும். 1983-ல காகிதத்துல இருந்ததை 2001-ல ஜி.பி.எஸ் காட்டுச்சு. கனடாவோட வான்கூவர் தீவுப் பக்கம் நிலம் வழக்கமான திசைக்கு எதிரா சில மில்லிமீட்டர் நகர்ந்து, ரெண்டு மூணு வாரத்துல நின்னுடுச்சு. அது அங்க சுமார் 14 மாசத்துக்கு ஒரு தடவை நடக்குது. யாருக்கும் எந்த ஆட்டமும் தெரியாது. இதை மட்டும் வெச்சே ஒரு தனி எபிசோடு பண்ணலாம்.

இப்போ நான் உண்மையிலேயே பேச வந்த இடம். இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டா, ஊர்ற இடம் பாதுகாப்பு, பூட்டின இடம் ஆபத்துன்னு வரைபடத்துல பச்சை, சிவப்பு அடிச்சுடலாம்னு தோணும். கிட்டத்தட்ட அப்படித்தான் பலரும் நினைச்சாங்க. ஜப்பானோட கிழக்குக் கரைக்கு வெளிய, கடலடிப் பள்ளத்தை ஒட்டின மேல்பகுதி களிமண், அது ஊரும், பெருசா பாயாதுங்கிற எண்ணம் பரவலா இருந்துச்சு. 2011 மார்ச் 11-ஆம் தேதி அந்தப் பகுதி 50 மீட்டர் பாய்ஞ்சது. சுனாமி அவ்வளவு உயரமா எழுந்ததுக்கு அந்த மேல்பகுதி பாய்ச்சல் முக்கியக் காரணம். செத்தவங்க, காணாமப் போனவங்க சேர்த்துப் பதினெட்டாயிரத்துக்கும் மேல.

சமன்பாடு பொய்யா? இல்ல. நான் மேல சொன்ன வாதத்தைக் கவனிச்சுப் பாருங்க. "கட்டை ஒரு மைக்ரோமீட்டர் முன்னாடி போயிடுச்சுன்னு வைங்க." சின்னத் தள்ளல். அந்தக் கணக்கு முழுக்கச் சின்னத் தள்ளலுக்குத்தான் செல்லுபடியாகும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துல பக்கத்துத் திட்டு வந்து மோதினா அது வேற உலகம். அந்த வேகத்துல உராய்வுச் சூட்டுல பிளவுக்குள்ள இருக்குற தண்ணி விரிஞ்சு அழுத்தும், களிமண் பிடியை விட்டுடும். மெதுவான வேகத்துல பிரேக் போட்ட அதே பரப்பு. அடுத்த வருஷமே சிக்யூங்கிற கப்பல் கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் தண்ணிக்குக் கீழ, கடல் தரையில இன்னும் 800 மீட்டர் துளை போட்டு அந்தக் களிமண்ணை எடுத்துட்டு வந்துச்சு. வேகமா தேய்ச்சுப் பார்த்தப்போ உராய்வு மிகமிகக் குறைவு.

நம்ம வேலையில இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. பத்து யூசரை வெச்சு டெஸ்ட் பண்ணிட்டு, எல்லாம் ஸ்டேபிள்னு ரிப்போர்ட் அனுப்பியிருக்கோம். டிராஃபிக் மொத்தமா வந்து மோதுன ராத்திரி என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். ஆனா நம்ம சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்.

பார்க்ஃபீல்ட் ஆடின அதே 2004-ல, மூணு மாசம் கழிச்சு, டிசம்பர் 26. எனக்கு அப்போ ஸ்கூல் லீவு. சுமத்ராவுல ஆரம்பிச்சு அந்தமான் வரைக்கும் 1,300 கிலோமீட்டருக்கு மேல பிளவு கிழிஞ்சது. அங்க தட்டு பழசு, மெதுவா சேருது, அதனால 9 அளவுல வராதுங்கிற ஒரு கருத்து அதுவரைக்கும் இருந்துச்சு. தமிழ்நாட்டுல மட்டும் ஏழாயிரம் பேருக்கு மேல இறந்தாங்க. "அமைதியான இடம்"ங்கிற வார்த்தையைக் கேட்டா நான் இப்பவும் கொஞ்சம் நிதானிக்கிறேன். யார் அளந்தாங்க, எவ்வளவு தள்ளி அளந்தாங்கன்னு கேட்கத் தோணுது.

ரூயினா என்ன ஆனார்னு சொல்லாம விட்டா மனசு கேட்காது. கார்னெல் போய் நடக்கிற ரோபோ பண்ணார். 2011-ல அவரோட குழு செஞ்ச ரேஞ்சர் ரோபோ ஒரே சார்ஜ்ல 65 கிலோமீட்டர் நடந்துச்சு. ஆள் இல்லாத சைக்கிள் ஏன் விழாம ஓடுதுன்னு ஒரு கட்டுரையும் அதே வருஷம். மனுஷனுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே கேள்விதான் போல. லேசா தட்டினா விழுமா, விழாதா?

அவ்வளவுதான் மக்களே. சரி பண்ணின கோடை டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன். இப்போ அதுல டி-சி இருக்கு, ஸ்பிரிங்கை விறைப்பாக்கினா கட்டை ஒழுங்கா ஊருது. கோடு வேணாம்னா ஒரு செங்கல்லும் ரப்பர் பேண்டும் எடுங்க. முதல்ல ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி மெதுவா இழுங்க, அப்புறம் நாலஞ்சு சேர்த்து மாட்டி இழுங்க. எந்த எண்ணிக்கையில குதிக்கிறது நிக்குதுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கீழ்வீட்டுல யாராவது தூங்குறாங்களான்னு மட்டும் பார்த்துக்கோங்க.